மீன் வாய் திறந்த மூன்று காலைகள்

பூங்காவில் பார்த்ததை எழுத இப்போது நோட்டு கிடையாது. வாட்சர்களுக்குப் போன் கொடுத்திருக்கிறார்கள். காலையில் குளத்தைச் சுற்றி வந்து 'பறவைகள்: இயல்பு', 'மீன்கள்: இயல்பு', 'வேலி: இயல்பு' என்று தொட்டுக்கொண்டே போனால் வேலை முடிந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த கவிதா போன மாதம் கூப்பிட்டாள். "அக்கா, இயல்பு இல்லைன்னு தொட்டா கீழ ஒரு கட்டம் தொறக்குது. காரணம் இன்னான்னு கேக்குது. இன்னா போடறது?" என்றாள். காரணத்தைப் போடாதே, பார்த்ததைப் போடு என்றேன். பார்த்ததைப் போட அதில் கட்டம் இல்லையாம். அப்படியானால் அதைச் செய்தவனைக் கூட்டி வந்து குளத்தங்கரையில் ஒரு வாரம் நிற்க வை என்றேன். சிரித்தாள். பிறகு, ஏன் இவ்வளவு கோபம் என்று எழுதிக் கொடுங்கள், புதிதாக வந்திருக்கும் நாங்கள் நாலு பேரும் படிக்கிறோம் என்றாள். எழுதுகிறேன். அலங்காரமாக எழுத எனக்கு வராது.

என் வீட்டுக்காரர் வனத்துறையில் வாட்சராக இருந்தார். மஞ்சள் காமாலையில் செத்துப் போனார். இரண்டு பிள்ளைகள். அவருக்குப் பதிலாக என்னைத் தினக்கூலியில் எடுத்துக்கொண்டார்கள். ஆவடிப் பக்கம் நாற்றங்காலில் ஆறு வருடம் பாலிதீன் பையில் மண் ரொப்பினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. முதுகு வலித்தது. பிறகு திருவேற்காட்டுக்கும் வேலப்பன்சாவடிக்கும் நடுவே கூவத்தின் ஓரமாக இந்தப் பூங்காவைத் திறந்தார்கள். என்னை அங்கே அனுப்பினார்கள்.

பூங்கா என்றால் ஊஞ்சலும் சறுக்குமரமும் இல்லை. ஆறு வளைகிற இடத்தில் இருந்த பழைய மணல் பள்ளத்தை ஆழமாக்கிக் குளம் ஆக்கினார்கள். நடுவில் ஒரு திட்டு, அதில் கருவேல மரங்கள். சுற்றிலும் நடைபாதை. ஆற்றுக்கும் குளத்துக்கும் இடையே ஒரு ஷட்டர். ஆற்றுத் தண்ணீர் சுமாராக இருந்தால் திறப்போம். ஐப்பசியில் முதல் மழைக்கு ஆறு கறுப்பாக வரும், அப்போது மூடிவிடுவோம். முக்குளிப்பானும் தாழைக்கோழியும் வருடம் முழுக்க இருக்கும். கூழைக்கடா ஒன்றிரண்டு இருக்கும். மழைக்காலத்தில் வாத்துகள் வரும்.

காலையில் நடக்கிறவர்கள் வருவார்கள். சாயந்திரம் குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமை காலேஜ் பிள்ளைகள் பைனாகுலரோடு வருவார்கள். மரத்தடியில் உட்காரும் ஜோடிகளை விரட்டச் சொல்லி என்னிடம் எத்தனையோ புகார் வந்திருக்கிறது. ஜோடிகளால் ஒரு பறவையும் கூட்டை விட்டுப் போனதில்லை. ஸ்பீக்கர் வைத்து யோகா செய்தவர்களால் போயிருக்கிறது. புகார் கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

எங்கள் வனவர் தங்கராசு சார். தென்காசிப் பக்கத்துக்காரர். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. சத்தம் போட்டால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும். நாம் எதைச் சொன்னாலும் மூன்று கேள்வி கேட்பார். எங்கே நின்று பார்த்தாய், மணி என்ன, பார்த்தாயா நினைத்தாயா. மூன்றாவது கேள்வியில் எல்லோரும் மாட்டிக்கொள்வோம். ஒரு முறை நரி வந்தது என்று சொன்னேன். பார்த்தாயா நினைத்தாயா என்றார். காலடியைப் பார்த்தேன் என்றேன். அப்படியானால் காலடி வந்தது என்று எழுது என்றார்.

நோட்டு எழுதுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஷட்டர், மூங்கில் புதர், படித்துறை, திட்டுக்கு எதிர்க்கரை என்று நான்கு இடம். ஒவ்வொரு இடத்திலும் மனசுக்குள் இருநூறு எண்ணும்வரை சும்மா நிற்க வேண்டும். வந்த உடனே தெரிவது வேறு, நின்ற பிறகு தெரிவது வேறு என்பார். அங்கேயே பேனாவில் எழுத வேண்டும். அடுத்த இடத்துக்குப் போய் முந்தின இடத்தைப் பற்றி எழுதக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகுதான் டீ. அவர் எப்போதாவது பின்னாலேயே வருவார், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. நான் எழுதியதைப் படித்துவிட்டு, நான் நின்ற இடத்தில் தானும் ஒரு முறை நின்று பார்ப்பார்.

இனி காதர் பாய். பூந்தமல்லிக்காரர். சைக்கிள் கேரியரில் பொரி மூட்டை கட்டி வந்து பூங்கா வாசலில் விற்பார். திருவேற்காட்டுக் கோயிலுக்கு வருகிறவர்கள் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகியவர்கள். இங்கே வந்தாலும் அதே கைதான். உணவு போடாதீர்கள் என்ற பலகைக்குக் கீழே நின்றே போடுவார்கள். பலகையைக் காட்டினால், மீனுக்குப் போட்டால் புண்ணியம் என்று எனக்கே பாடம் எடுப்பார்கள். தங்கராசு சார் பாயிடம் பேசிப் பார்த்தார். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். சாயந்திரம் நாலு மணிக்கு மேல், படித்துறையில் மட்டும், குடும்பத்துக்கு ஒரு பொட்டலம். பாய் அதை மீறியதில்லை. மீற வைத்தது நான்.

அது ஐப்பசி. முதல் மழை பெய்து ஆறு கறுத்தது, ஷட்டரை மூடினோம். அதன் பிறகு மழையும் இல்லை, வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. வானம் மூடிக்கொண்டு நின்றது. முதல் நாள் காலை படித்துறையில் நின்றபோது குளம் முழுக்க மீன் மேலே வந்திருந்தது. கட்லா, ரோகு, கெண்டை. வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கிட்டே போனால்கூட ஓடவில்லை. அத்தனை வருடத்தில் அப்படி நான் பார்த்ததில்லை. பசி என்று நினைத்தேன். நோட்டில் 'மீன்கள் மேலே வந்து தீனி கேட்டன' என்று எழுதினேன்.

நடக்க வந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் போனில் படம் எடுத்தார்கள். நடைப்பயிற்சிச் சங்கத் தலைவர் என்று ஒருவர் இருந்தார், பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். "பாவம், பசியோட நிக்குது. போட ஒண்ணும் இல்லியாம்மா?" என்று கேட்டார். அன்று சாயந்திரமே நான் பாயிடம் சொன்னேன்.

"காலைல ஆறு மணிக்கு வா பாய். மீனெல்லாம் வாயைப் பொளந்துகினு நிக்குது. மூட்டை காலியாயிடும்."

"சார் காலைல கூடாதுன்னு சொல்லிக்கீறாரே தங்கச்சி?"

"நான் சொல்றேன், வா."

சார் அந்த வாரம் வேறு வேலையாகத் திருவள்ளூர் போயிருந்தார். பாய் இரண்டாம் நாள் காலை வந்தார், மூன்றாம் நாள் காலையும் வந்தார். இரண்டு நாளும் மூட்டை காலி. எல்லோரும் வாங்கிப் போட்டார்கள். சாயந்திரக் கூட்டமும் வழக்கம்போலப் போட்டது. மீன் அதிகம் சாப்பிடவில்லை. பொரி ஊறி அடியில் போனது. அதையும் பார்த்தேன். எழுதவில்லை. மூன்று நாளும் நோட்டில் அதே வரிதான்.

மூன்றாம் நாள் சாயந்திரம் பாய்க்கும் தலைவருக்கும் தகராறு. சைக்கிள் நடைபாதையில் நின்றது, தலைவரின் வேட்டி பெடலில் மாட்டிக் கிழிந்தது. வண்டியை வெளியே எடு, உன்னை யார் உள்ளே விட்டது என்றார். "காலைல எங்கிட்ட வாங்கிப் போட்டப்ப வண்டி கண்ணுக்குத் தெரியலியா சார்?" என்றார் பாய். நாளையிலிருந்து நீ எப்படி வருகிறாய் என்று பார்க்கிறேன் என்றார் தலைவர். பாய், பார்க்கலாம் சார் என்றார். மூட்டையில் மிச்சம் இருந்ததைக் கோபத்தில் குளத்தில் கொட்டிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் காலையில் மீன் செத்து மிதந்தது. படித்துறை ஓரம் வெள்ளையாக வயிறு. இருநூறுக்கு மேல் எண்ணி நிறுத்தினேன். நாற்றம் இன்னும் வரவில்லை. காக்கா வந்துவிட்டது.

கூட்டம் கூடியது. விஷ மருந்து என்று யாரோ சொன்னார்கள், யார் முதலில் சொன்னது என்று எனக்குத் தெரியாது. தலைவர் என்னைப் பார்த்து, "நேத்து கடைசியா இங்க யாரும்மா என்ன போட்டது?" என்று கேட்டார்.

"காதர் பாய்தான் சார். உங்ககிட்ட சண்டை போட்டுட்டு, மிச்சப் பொரியை இங்கதான் கொட்டிட்டுப் போனாரு" என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. பார்த்ததைத்தான் சொன்னேன். பாதியைச் சொன்னேன். காலையில் வரச் சொன்னது நான் என்று சொல்லவில்லை. நின்றிருந்த அத்தனை பேரும் போட்டார்கள் என்று சொல்லவில்லை. அப்போது எனக்கு வேலையை நிரந்தரமாக்கும் பைல் ரேஞ்சர் மேஜையில் இருந்தது. அதுதான் காரணம். வேறு நல்ல காரணம் தேட வேண்டாம்.

அரை மணி நேரத்தில் ஒன்றும் தெரியாமல் பாய் சைக்கிளோடு வந்து சேர்ந்தார். சட்டையைப் பிடித்தார்கள். போலீஸ் வந்து அவரையும் மூட்டையையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போனது. போகும்போது என்னைப் பார்த்தார்.

தங்கராசு சார் ஒன்பது மணிக்கு வந்தார். ஆட்கள் வலை கொண்டு வந்து மீனை அள்ளத் தொடங்கியிருந்தார்கள். நிறுத்தச் சொன்னார். எந்த மீன், எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் என்று எழுதாமல் ஒன்றையும் தொடக் கூடாது. என்னை எழுத வைத்து அவர் சொல்லிக்கொண்டே நடந்தார். செத்தது எல்லாம் பெரிய மீன். கட்லாவும் ரோகுவும்தான் அதிகம். ஓரத்தில் விரல் நீளக் குஞ்சுகள் உயிரோடு ஓடின. தாமரைப் பக்கம் ஒரு விரால் மேலே வந்து ஒரு மடக்குக் காற்றை இழுத்துக்கொண்டு உள்ளே போனது. சார் அங்கே வெகு நேரம் நின்றார். ஒரு செத்த மீனின் செவுளைத் திறந்து பார்த்தார். பிறகு கண்ணாடிப் பாட்டில் ஒன்றைக் கயிற்றில் கட்டி ஆழத்தில் இறக்கி, ஒரு குமிழிகூட உள்ளே இல்லாமல் ரொப்பி மூடினார். ஆய்வகத்துக்கு அனுப்ப அது.

அந்த நேரம் இறக்கை ஒடிந்த கூழைக்கடா ஒன்று, எங்களுக்குப் பழகியது, சாகக் கிடந்த ஒரு கெண்டையை எடுத்து விழுங்கியது. நான் விரட்டப் போனேன். சார் கையைக் காட்டித் தடுத்தார். கடிகாரத்தைப் பார்த்து மணியை எழுதச் சொன்னார். அரை மணிக்கு ஒரு தடவை அது என்ன செய்கிறது என்று எழுது என்றார். மதியம் வரைக்கும் எழுதினேன். அது திட்டில் ஏறி இறக்கையைக் கோதியது. தூங்கியது. மறுபடி வந்து இன்னொரு மீனை எடுத்தது.

"மருந்தா இருந்தா விரால் இருக்காது, குஞ்சு இருக்காது, இந்தப் பறவையும் இந்நேரம் சாஞ்சிருக்கும்" என்றார். "நோட்டை எடு."

கொடுத்தேன். மூன்று நாள் பக்கத்தையும் படித்தார். நான் நின்ற இடத்தில் போய் நின்றார். திரும்பி வந்து என் வரியில் விரலை வைத்தார்.

"தீனி கேட்டுச்சா? உங்கிட்ட கேட்டுச்சாம்மா?"

சார் குளத்தைக் காட்டினார்.

"வாயைத் திறந்துச்சு. அதைத்தான் நீ பார்த்தே. தண்ணில காத்து இல்ல, மேல வந்து மூச்சுக்கு அல்லாடிருக்கு. மூணு நாள் வெயில் இல்ல, ஷட்டர் மூடிருக்கு, அடியில பொரி அழுகுது. காத்து எங்கேருந்து வரும்? பார்த்ததை எழுதியிருந்தா, வேற யாராவது படிச்சிருந்தாக்கூட பொரியை நிறுத்திட்டுத் தண்ணியைக் கலக்க ஓடியிருப்பான்."

பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாயை வரச் சொன்னதையும், காலையில் கூட்டத்தில் பேசியதையும். அவர் திட்டவில்லை. சைக்கிள் கடைக்காரனிடம் விலை கேட்பது மாதிரி சாதாரணமாக, ஸ்டேஷனுக்குப் போகலாம் வா என்றார்.

வழியில் ரேஞ்சரிடமிருந்து போன் வந்தது. ஆய்வக முடிவு வரட்டும், அதுவரை 'காரணம் தெரியவில்லை' என்று ஒரு வரி கொடுத்தால் போதும், வாட்சர் பேரை இழுத்துவிட வேண்டாம் என்றார். கெட்ட மனிதர் இல்லை. என் பைலை நினைத்துத்தான் சொல்லியிருப்பார். சார் போனை என் கையில் கொடுத்து, நீயே பதில் சொல் என்றார். நான் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். சரி என்று வைத்துவிட்டார்.

ஸ்டேஷனில் பாய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அங்கேதான். அவர் சொன்னதை ரைட்டர் எழுதி வைத்திருந்தார், எங்களுக்குப் படித்துக் காட்டினார். காலையில் விற்கக் கூடாது என்று இருக்கும்போது ஏன் போனாய் என்ற கேள்விக்கு, 'வியாபாரம் ஆகும் என்று நானாகவே போனேன், என்னை யாரும் வரச் சொல்லவில்லை' என்று இருந்தது.

இரண்டாம் முறை படிக்கச் சொன்னேன். ரைட்டர் முறைத்துவிட்டுப் படித்தார்.

நான் என் வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதினேன். மூன்று நாளும் பார்த்தது, மணி, நின்ற இடம், வரச் சொன்னது, யார் யார் போட்டார்கள், காலையில் நான் சொன்னதில் எந்தப் பாதியை விட்டேன் என்பது. ஒன்றரைப் பக்கம். பாயை அனுப்பினார்கள். வெளியே வந்து சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"ஏன் பாய் என் பேரைச் சொல்லலே?"

"புருஷன் இல்லாதவ, ரெண்டு புள்ளைங்க. வேலை பூடும்னு நெனைச்சேன்" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ அத்தினி பேர் முன்னாடி என் பேரைச் சொன்னே. அத்த மட்டும் நெனைச்சிகினேதான் அந்தப் பெஞ்சில குந்திகினு இருந்தேன்."

ஆய்வக முடிவு பத்து நாளில் வந்தது. விஷம் இல்லை. தண்ணீரில் பிராணவாயு இல்லை. எனக்கு மெமோ கொடுத்தார்கள். நிரந்தரம் மூன்று வருடம் தள்ளிப் போனது. அது சரியான தண்டனைதான், நான் யார் காலிலும் விழவில்லை. பொரி முழுக்கத் தடை ஆனது.

விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். பாயின் மூட்டை ஸ்டேஷனில் இருந்தது, அதை வாங்கிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் மச்சான் கடை. அங்கே உட்கார்ந்து பொட்டுக்கடலை புடைத்துக்கொண்டிருந்தார். முடிவு வந்துவிட்டது, உங்கள் மேல் ஒன்றும் இல்லை என்றேன்.

"பேப்பர்ல எழுதிட்டே, சரி. அந்தப் பேப்பரை யார் படிச்சா?" என்றார். "எம் பொண்ணு வேலப்பன்சாவடில காலேஜ் படிக்குது. ஷேர் ஆட்டோல உன் வாக்கிங்காரன் ஒர்த்தன் கையைக் காட்டி, இவ அப்பன்தான் மீனுக்கு மருந்து வெச்சவன்றான். அவ பாதி வழில எறங்கி நடந்து வருது. நீ எங்க சொன்னியோ அங்க வந்து சொல்லு."

நீங்களும் வாருங்கள் என்றேன். அந்த கேட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. சங்கத்துக்காரர்கள் எல்லோரும் படித்துறையில் இருந்தார்கள், உடற்பயிற்சி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பாய் சொன்னபடி கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றார். அவர் பெண் மட்டும் உள்ளே வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றது. நான் மேல் படியில் ஏறினேன். கொஞ்சம் கேளுங்கள் என்றேன். பாதிப் பேர் திரும்பினார்கள்.

"அன்னிக்கு மீன் செத்தது மருந்தால இல்ல. தண்ணில காத்து இல்லாம செத்துச்சு. நாம போட்ட பொரி அழுகினதால. காதர் பாயைக் காலைல வரச் சொன்னது நான். அவர் மட்டும் போட்ட மாதிரி இங்க நின்னு சொன்னதும் நான். அது தப்பு."

"அதான் ரிப்போர்ட் வந்துடுச்சேம்மா. முடிஞ்சு போனதை இப்ப எதுக்குக் கிளர்றே?" என்றார் தலைவர்.

"நீங்களும்தான் போட்டீங்க சார். ரெண்டு காலையும் ரெண்டு ரெண்டு பொட்டலம். நான் பார்த்தேன்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒருவர் செருப்பைத் தேடினார். இரண்டு பேர் நடக்கத் தொடங்கினார்கள். பாயின் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது. தலைவரைத் தாண்டி நேராக என்னிடம் வந்து நின்றது.

"இன்னொரு தடவை சொல்லுங்க. சத்தமா. அப்பா ரோட்ல நிக்கறாரு, காதுல வுழுந்திருக்காது."

கேட்டுப் பக்கம் திரும்பி நின்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.